இருமலை அடக்குவது சரியா?



வீட்டில் ஒருவர் இருமத் தொடங்கியதும், 'இருமல் மருந்து ஒன்று வாங்கி வா' என்று உங்களில் ஒருவரைத்தான் மருந்துக் கடைக்கு அனுப்புவார்கள். கடைக்காரரும் ஒரு புட்டியை எடுத்துக் கொடுப்பார். இருமல் யாருக்கு, எத்தனை நாளாக, எப்படிப்பட்டது என்று ஒருவரும் கேட்பதில்லை. இவ்வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்பது என் கருத்து. காரணங்களைக் கூறுகிறேன், நீங்களே சீர்தூக்கிப் பாருங்கள்.

முதலில், இருமல் என்பது யாது? தூசி, புகை, கோழை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று மூச்சுக்குழலின் உட்சுவரைத் தீண்டினால், நரம்புகள் அச்செய்தியை மூளையின் முகுளப் பகுதிக்கு எடுத்துச் செல்கின்றன. உடனே நாம் சுமார் 2.5 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறோம். குரல்வளையின் வாயில் மூடிக்கொள்கிறது. வயிற்றுத் தசைகளும் விலாத் தசைகளும் இறுகுவதால், நுரையீரலில் உள்ள காற்றின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட 100 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு உயர்கிறது. அந்நிலையில் வாயில் சட்டெனத் திறக்கிறது. மூச்சுக்குழலின் பின்புறத்தில் குருத்தெலும்பு இல்லை. அந்த மென்மையான பகுதி உட்குழிந்து வழியைக் குறுக்குகிறது. வழி குறுகினால் வேகம் கூடும் என்பது பாய்மங்களின் விதி. இவ்வாறு சீறி வரும் காற்று, கோழையைப் பெயர்த்துக்கொண்டு வெளியேறுகிறது. ஆகவே, இருமல் நம் மூச்சுப்பாதையின் காவலன்.

இக்காவலன் எழுப்பும் ஓசை ஒன்றே ஆயினும் காரணங்கள் பல. சளிக் காய்ச்சலால் வரும் இருமல் பெரும்பாலும் மூன்று வாரங்களுக்குள் தானாக நின்றுவிடும். கோழையுடன் வரும் இருமலும் உண்டு. வறட்டு இருமலும் உண்டு. கக்குவான் இருமலில் தொடர்ந்து இருமிய பின் மூச்சை இழுக்கும்போது கூவுவது போன்ற ஒலி கேட்கும்; இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. ஆஸ்துமாவால் வரும் இருமல் இரவிலும் விடியற்காலையிலும் மிகும். இரைப்பை அமிலம் மேலேறுவதாலும், புகைபிடிப்பதாலும், இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சில மாத்திரைகளாலும் இருமல் வரலாம். சிலருக்குக் காதைக் குடைந்தால்கூட இருமல் வரும்! இருமலைத் தூண்டும் நரம்பின் கிளை ஒன்று காதுக்கும் செல்வதே அதற்குக் காரணம்.

இத்தனை காரணங்களுக்கும் ஒரே புட்டி எப்படி மருந்தாகும்? ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்றால் மின்சுற்றில் எங்கோ கோளாறு என்று பொருள். கோளாறைத் தேடாமல் தடித்த கம்பியைச் சுற்றிவைத்தால் விளக்கு எரியும். ஒருநாள் வீடும் எரியும். காரணம் அறியாமல் இருமலை மட்டும் அடக்குவதும் இத்தகையதே.

காசநோய் இதற்குத் தக்க சான்று. இந்நோயின் கிருமியை 1882இல் ராபர்ட் கோக் கண்டறிந்து அறிவித்தார். இன்று இதற்குச் சிறந்த மருந்துகள் உள்ளன. சாதாரணக் காசநோயை ஆறு மாதச் சிகிச்சையில் குணப்படுத்தலாம். ஆயினும், 'வெறும் இருமல்தானே' என்று மாதக்கணக்கில் புட்டி மாற்றிப் புட்டி குடிப்பவர்கள் நோயையும் வளர்த்து, வீட்டில் உள்ளவர்களுக்கும் பரப்புகிறார்கள். அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்று மறைப்பவர்களும் உண்டு. நோயில் வெட்கப்பட ஏதுமில்லை.

மருந்தே நஞ்சான கொடுமையும் நிகழ்ந்திருக்கிறது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அம்மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைகால் என்ற வேதிப்பொருள் 48.6 சதவீதம் இருந்தது, 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இது சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சு. இதே நஞ்சு 1937இல் அமெரிக்காவில் வேறொரு திரவ மருந்தில் கலந்து நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. மருந்தைச் சோதித்து விற்பது ஆலையின் கடமை. கண்காணிப்பது அரசின் கடமை. எனினும், சாதாரணச் சளி இருமலுக்குச் சிறு குழந்தைகளுக்கு இத்தகைய மருந்தே தேவையில்லை என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டாமா?

'மருத்துவமனைக்குப் போனால் ஒருநாள் கூலி போய்விடுமே' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எல்லா இருமலுக்கும் ஓட வேண்டியதில்லை. வெந்நீர், ஓய்வு, உப்புநீரால் கொப்பளித்தல், ஒரு தேக்கரண்டி தேன் ஆகியவை தொண்டைக்கு இதம் தரும். ஆனால், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. சளிக் காய்ச்சலை உண்டாக்குபவை வைரஸ்கள். ஆதலால் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளாலும் பயனில்லை.

எப்போது தாமதிக்கக் கூடாது? இருமல் இரண்டு வாரங்களைத் தாண்டினால், சளியில் இரத்தம் கண்டால், மாலைக் காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்தால், மூச்சுத் திணறினால், கைக்குழந்தைக்கு இருமல் வந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

அடுத்த முறை உங்களைக் கடைக்கு அனுப்பும்போது, 'எத்தனை நாளாக இருமுகிறீர்கள்?' என்று முதலில் கேளுங்கள். ஏன், எப்படி என்று கேட்பது வகுப்பறையோடு நின்றுவிட்டால் அறிவியல் படித்து என்ன பயன்?