மியூசியத்தை 'முடிக்க' வேண்டாமே!

கல்லூரியிலிருந்து எழும்பூர் அருங்காட்சியகம் போனால் என்ன நடக்கிறது? தலை எண்ணுவது, குரூப் போட்டோ, சாப்பாடு, திரும்ப ரயில். 1851-ல் தொடங்கிய இடத்தை இரண்டு மணி நேரத்தில் 'முடித்து' விடுகிறோம். கற்கருவிகள் பக்கம் யாரும் நிற்பதில்லை.

ஆவடிக்காரர்களே, அது நம்ம ஊர்ப்பக்கத்துக் கதை! 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டெடுத்த அத்திரம்பாக்கம் நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கு கிடைத்தவற்றுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்றது 2011-ல் வெளியான ஆய்வு. ஃபூட் சேர்த்த தொகுப்பை 1904-ல் எழும்பூருக்காக வாங்கினார்கள்.

என் கருத்து: ஒரு பயணத்துக்கு ஒரு கூடம் போதும். ஆளுக்கொரு பொருள், அரை மணி நேரம். அடுத்த முறை பூண்டி அகழ்வைப்பகம் போவோம். காமர்ஸ் பசங்களுக்கு எதுக்கு இதெல்லாம் என்கிறீர்களா? பதினைந்து லட்சம் வருடத்துக்கு முன் நம் மண்ணில் இருந்தவர்களைத் தெரிந்துகொள்ள எந்த குரூப் எடுத்தால் என்ன?