மேஸ்திரியின் நாக்கு



திலக் நகரில் இரவுச் சோற்றுக்கு உட்காரும் தொழிலாளி, கூலியைப் பற்றி மட்டுமா குமுறுகிறான்? மேஸ்திரி சொன்ன சொல்லைப் பற்றியும்தான்!

பம்பாய் ஆலைகளில் அன்று ஜாபர் வைத்ததே சட்டம். ஆளைச் சேர்ப்பவனும் அவன், விரட்டுபவனும் அவன். வேலை கிடைக்கவும் நிலைக்கவும் அவனுக்குத் ‘தஸ்தூரி’ அழவேண்டும். 1931-ல் அறிக்கை தந்த விட்லி கமிஷன், சேர்க்கவும் நீக்கவும் அவனுக்குள்ள அதிகாரத்தைப் பறிக்கச் சொன்னது. பிழைப்பே ஒருவன் கையில் இருந்தால், அவன் நாக்கும் நீளும், இதுவே பாடம்.

ஆலைகள் மூடின, ஜாபரும் போனான். ஆனால் காண்டிராக்ட் வேலையில் அதே அதிகாரம் வேறு சட்டை போட்டு நிற்கிறது.

மேஸ்திரிகளாக உள்ள நம் அண்ணன்மார்களே! தவறினால் தனியே அழைத்துச் சொல்லுங்கள். வேலையைக் கற்றுக்கொடுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்பவனை நம்புங்கள். அதட்டினால் கை அசையும், மனம் அசையாது.

தொழிலாளர்களே! வருகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கூலியை நேரே பெறுங்கள். மேஸ்திரி நல்லவனாக இருப்பது நம் அதிர்ஷ்டம். கெட்டவனானாலும் நம் வயிற்றில் அடிக்க முடியாமல் செய்வதே சங்கத்தின் வேலை!