கட்டுக்கடங்காத கூட்டம்

'அன்ரூலி' என்று இங்கிலீஷில் ஒரு சொல். வயிற்றுக்குள் ரூலை வைத்திருக்கிற சொல். ரூலுக்குள் நிற்காதவன் எவனோ அவன் அன்ரூலி. நம் பத்திரிகைக்காரர்கள் இதைத் தமிழாக்கும்போது 'கட்டுக்கடங்காத' என்று எழுதுகிறார்கள். ரூல் போய்க் கட்டு வந்துவிட்டது பாருங்கள். மாட்டைக் கட்டுவது, ஊர்க்கட்டுப்பாடு எல்லாம் இந்தக் கட்டுதான். விதியை மீறினானா என்பதல்ல கேள்வி. கட்டிப்போட்ட இடத்தில் நின்றானா?

எங்கள் இருக்கன்குடியில் ஆடிக் கடைசி வெள்ளிக்கு லட்சக்கணக்கில் ஜனம் வரும். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருகிற இடம் முழுக்கத் தலைதான் தெரியும். மறுநாள் பேப்பரில் 'கட்டுக்கடங்காத பக்தர் கூட்டம்'. அது பெருமை. ஸ்பெஷல் பஸ் விடுவான், போலீஸ்காரன் கயிறு பிடித்து வழிவிடுவான். நல்லதுதான், எங்க அம்மாவும் அந்தக் கூட்டத்தில் போய் வந்தவள்தான். அடங்காத பிடாரிக்குக் கெடாவெட்டுகிற ஊர்தானே இது.

அதே சொல்லைக் கிழக்கே கொண்டுபோங்கள். இம்மானுவேல் சேகரன் பட்டாளத்தில் இருந்து வந்தவர். ரூல் தெரியாதவரா அவர்? 1957 செப்டம்பர் 10இல் முதுகுளத்தூர் சமாதானக் கூட்டத்தில் சரிசமமாக உட்கார்ந்து பேசினார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொன்றார்கள். எந்தச் சட்டத்தை மீறினார்? 2011 செப்டம்பர் 11, அவர் நினைவு நாள். அதே பரமக்குடியில் ஐந்துமுனைச் சாலையில் கூடிய ஜனத்தைப் போலீஸ் சுட்டது. ஆறு உயிர். சுட்டது சரிதான் என்று நீதிபதி சம்பத் கமிஷன் எழுதிக் கொடுத்தது. கூட்டம் கட்டுக்கடங்கவில்லையாம்.

1999 ஜூலை 23, திருநெல்வேலி. மாஞ்சோலைத் தொழிலாளிகளின் கூலிக்காகக் கலெக்டரிடம் மனுக் கொடுக்கப் போன ஊர்வலம் அது. மனுக் கொடுப்பதைவிட ரூலான காரியம் வேறென்ன இருக்கிறது? அடித்து விரட்டியதில் தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள், கைக்குழந்தை உட்பட.

இனி நம்ம பட்டாசுச் சீமைக்கு வருவோம். 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளம். லைசென்ஸ் ஒருத்தர் பேரில், அறைகளோ பலருக்கு உள்குத்தகை. வெடித்ததில் 20 பேருக்கு மேல் கருகிப் போனார்கள், கூலிக்குப் போன சனங்கள். அப்பட்டமாக ரூலை மீறியது யார்? அகராதிப்படி அவனல்லவா அன்ரூலி! ஆனால் 'கட்டுக்கடங்காத முதலாளி' என்று எந்தப் பேப்பரிலாவது படித்திருக்கிறீர்களா? அவனுக்கு 'விதிமீறல்' என்று பதமான வார்த்தை. சுட்டதும் இல்லை, லத்தியும் இல்லை.

அடக்கம் என்றால் தமிழில் பணிவு. பிணத்தைப் புதைப்பதற்கும் அடக்கம்தான் பெயர். முதல் அடக்கத்துக்குச் சம்மதிக்காதவனுக்கு இரண்டாவதைச் செய்து வைப்பார்கள். 'அடங்க மறு' என்று சேரிச்சுவரில் எழுதியதும் அவர்களுக்கு ஏன் அப்படிக் குலை நடுங்கியது என்று இப்போது புரிகிறதா?

மாணவத் தோழர்களே, அடுத்த தடவை எஃப்.ஐ.ஆரிலோ ஹாஸ்டல் மெமோவிலோ நம்ம பையனை அன்ரூலி என்று எழுதினால் கத்த வேண்டாம். எந்த ரூல், எத்தனாவது பிரிவு, எழுதிக்கொடு என்று கேளுங்கள். நான் பேங்கில் கிளார்க்கு. ஐந்நூறு ரூபாய் செக்கைத் திருப்பி அனுப்பினால்கூடக் காரணத்தைக் குறித்துச் சீட்டு வைத்துத்தான் அனுப்புகிறேன்.