முற்றத்து ஆட்டத்தில் வில்லன் யார்?



அஸ்ருத் தொழுகை முடிவதற்கும் மக்தப் வகுப்பு தொடங்குவதற்கும் இடையே எங்கள் மதரஸா முற்றத்தில் கால் மணி நேரம் ஒரு தனி உலகம் பிறந்து மறைகின்றது. வேப்பமரத்தடி அரண்மனையாகிறது. ஹவுளின் ஓரம் கடற்கரையாகிறது. தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்ட ஒரு சிறுவன் கற்பனை லட்டொன்றை விழுங்குகிறான். மறுகணம் அவன் கைபட்ட மூவர் மண்ணில் உருளுகின்றனர். அறந்தாங்கிக்குக் கிழக்கே, கடற்காற்று எட்டும் தொலைவிலுள்ள சிற்றூர் எங்களுடையது. ஆயினும் அந்தக் கால் மணி நேரத்திற்கு அதன் பெயர் டோலக்பூர்.

டோலக்பூர் எங்கே இருக்கிறது என்று உங்கள் வீட்டுக் குழந்தையைக் கேளுங்கள். உடனே விடை வரும். 'சோட்டா பீம்' என்னும் சித்திரத் தொடரின் கற்பனை நாடு அது. ராஜீவ் சிலகா என்பார் உருவாக்க, ஹைதராபாத்தின் கிரீன் கோல்ட் அனிமேஷன் நிறுவனம் ஆக்கிய இத்தொடர் 2008-ஆம் ஆண்டு போகோ தொலைக்காட்சியில் தொடங்கியது. பீம் ஒன்பது வயதுச் சிறுவன். லட்டு உண்டால் அவனுக்குப் பெருவலிமை வரும். சுட்கி, ராஜு, ஜக்கு என்னும் குரங்கு ஆகியோர் அவனுடைய தோழர்கள். மன்னர் இந்திரவர்மனின் நாட்டிற்குக் கொள்ளையராலோ, மந்திரவாதியாலோ, அரக்கனாலோ ஆபத்து வரும். பீம் அதனை முறியடிப்பான். தம்யான் என்னும் தீயவனை அவன் எதிர்க்கும் கதை 2012-இல் முழுநீளப் படமாகத் திரையரங்குகளுக்கே வந்தது. தமிழிலும் பேசுவதால் எங்கள் பிள்ளைகளுக்கு பீம் வேற்றூர்க்காரனாகத் தோன்றவே இல்லை.

இத்தொடர்களைப் பிள்ளைகள் பார்க்கலாமா, எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்று பெற்றோர் பலர் என்னிடம் கேட்பதுண்டு. இம்மாதம் நான் பேச வந்தது அதுவன்று. பார்த்து முடித்தபின் முற்றத்தில் என்ன நிகழ்கிறது என்பதைப் பற்றியே பேச வந்தேன். அதில் என் பிழையும் ஒன்று உண்டு என்பதால், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அத்தொடரில் 'காலியா' என்றொரு பாத்திரம் உண்டு. பீமைவிடப் பருத்தவன்; மற்றப் பிள்ளைகளைவிடக் கருத்தவன்; பீமின்மீது பொறாமை கொண்டவன். டோலு, போலு என்னும் இரட்டையர் அவன் பின்னே திரிவார்கள். அவன் தீட்டும் திட்டமெல்லாம் அவன் தலையிலேயே வந்து விழும். பார்க்கும் குழந்தைகள் கைகொட்டிச் சிரிப்பார்கள். இந்தியில் 'காலா' என்றால் கருமை என்று அறிந்தவர்களுக்கு அந்தப் பெயரின் ஓசையே போதும்.

எங்கள் மக்தபில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் ஓதுகிறான். அத்தா சவூதியில் வேலை பார்க்கிறார். வயதுக்கு மீறிய வளர்த்தி. நல்ல கருத்த நிறம். குரலோ கேட்பவரை நிறுத்திவைக்கும் குரல். முற்றத்து ஆட்டத்தில் நாள்தோறும் அவனே காலியா. பீமாக ஆடுபவன் மாறுவான். ராஜுவும் ஜக்குவும் மாறுவார்கள். அவன் மட்டும் மாறுவதில்லை. நாள்தோறும் அவன் விழவேண்டும்; விழுந்தபின் எல்லோரும் அவன்மீது ஏறி நின்று கூவவேண்டும். ஜன்னல் வழியே நான் அதனைப் பலமுறை கண்டிருக்கிறேன். பிள்ளைகள் விளையாட்டுத்தானே என்று ஓதற்பலகைகளை எடுத்து வைக்கப் போய்விடுவேன்.

ஒருநாள் அவன் வகுப்பிற்குச் சற்றுப் பிந்தி வந்தான். வாசலில் தயங்கி நின்றவனைப் பார்த்து, "வாங்க காலியா! லட்டெல்லாம் தீர்ந்து போச்சே!" என்றேன். வகுப்பு வெடித்துச் சிரித்தது. அவனும் சிரித்தான். அவனும் சிரித்தான் என்பதே எனக்கு அன்று போதுமானதாக இருந்தது. பட்டப்பெயர் சூட்டி ஒருவரையொருவர் இழிவாக அழைக்கலாகாது என்னும் இறைக்கட்டளையை அதே வகுப்பில் பலமுறை விளக்கியவன் நான். அந்த நேரத்தில் அது என் நினைவின் ஓரத்தில்கூட நிற்கவில்லை.

அடுத்த வாரம் மூன்று நாள் அவன் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று எண்ணினேன். நான்காம் நாள் அவனுடைய தாயார் மதரஸா வாசலுக்கு வந்து, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியவாறு ஒதுங்கி நின்றார்.

"ஹஜ்ரத், தப்பா நினைச்சுக்காதீங்க. அவங்க அத்தா போன் பண்ணி, லீவுல வரும்போது என்ன வேணும்னு கேட்டாங்க. போன தடவை வரைக்கும் சைக்கிள், சைக்கிள்னுதான் சொல்லுவான். இப்ப, முகம் வெள்ளையாகிற கிரீம் வாங்கிட்டு வாங்கன்னு சொல்றான். ஏன்டான்னு கேட்டா அழுவுறான். நீங்க என்னன்னு கொஞ்சம் கேக்கணும்."

அந்தத் தாய் என்னைக் குற்றம் சாட்ட வரவில்லை. உதவி நாடி வந்தார். அதுதான் எனக்குத் தாங்கமுடியாததாயிற்று. வகுப்பில் நான் சொன்னது அவருக்குத் தெரியாது. பையன் அதனை வீட்டில் சொல்லவே இல்லை.

அன்றிரவு முதல் ஒரு வாரம், என் தங்கை பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்தத் தொடரைக் கவனித்துப் பார்த்தேன். ஒன்று விளங்கிற்று. இருபது நிமிடத்திற்குள் ஒரு கதை தொடங்கி, வளர்ந்து, முடியவேண்டும். பார்ப்பவரோ ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள். ஒரு மனிதன் ஏன் தீயவனானான் என்று விளக்க அங்கே நேரமில்லை. ஆகவே ஓவியர் தம் தூரிகையாலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறார். நல்லவனுக்கு உருண்டை முகம், அகன்ற கண், வெளிர் நிறம். தீயவனுக்குக் கூர்மூக்கு, நெரித்த புருவம், இருண்ட நிறம், கரகரத்த குரல். அவன் ஒரு குற்றமும் செய்யாமல் திரையில் அடியெடுத்து வைக்கும்போதே, "வில்லன் வந்துட்டான்!" என்று குழந்தை கூவிவிடுகிறது. செயலைப் பார்த்து ஆளை அறியும் பயிற்சிக்குப் பதிலாக, ஆளைப் பார்த்துச் செயலை முடிவுகட்டும் பயிற்சியே அங்கு நடைபெறுகிறது.

இது இந்த ஒரு தொடரின் குறையன்று. நம் திரைப்படங்களும் இவ்வாறே நம்மைப் பழக்கியிருக்கின்றன. பி.எஸ். வீரப்பாவின் சிரிப்பொலி கேட்டதுமே ஏதோ தீங்கு வரப்போகிறது என்று அரங்கம் அஞ்சிய காலம் ஒன்றிருந்தது. எம்.என். நம்பியார் கண்ணை உருட்டினாலே தாய்மார் அவரைச் சபித்தனர். திரைக்கு வெளியே அவரோ ஒழுக்கத்திற்கும் பக்திக்கும் பெயர் பெற்றவராக வாழ்ந்து 2008-இல் மறைந்தார். பெரியவர்களாகிய நமக்கு நடிகர் வேறு, வேடம் வேறு என்பது தெரியும். முற்றத்தில் ஆடும் குழந்தைக்கு அது தெரியுமா? வேடம் நாள்தோறும் ஒரே பிள்ளையின்மீது ஏற்றப்பட்டால், அதனைக் கழற்றி வைக்க அப்பிள்ளைக்குத் தெரியுமா?

அப்படியானால் வீரனும் தீயவனும் மோதும் கதைகளே கூடாதா? நான் அவ்வாறு சொல்லமாட்டேன். அத்தகைய கதைகளைக் கேட்டே நம் முன்னோரும் வளர்ந்தனர். தமிழ் முஸ்லிம்களிடம் 'படைப்போர்' என்று ஓர் இலக்கிய வகையே உண்டு. அசன் அலிப் புலவரின் ஐந்து படைப்போர் அவற்றுள் புகழ் பெற்றது. அத்தகைய கதைகளை எங்கள் நன்னி இரவில் இராகமிட்டுப் படிக்கக் கேட்டு, வாள் சுழலும் இடத்தில் பாயைச் சுருட்டி வாளாக்கிக்கொண்டவன்தான் நானும்.

அமீர் ஹம்சாவின் சாகசக் கதைகளையும் எண்ணிப்பாருங்கள். அரக்கர், மாயக்கோட்டைகள், மந்திரவாதிகள் என விரியும் அக்கதைகளை அக்பர் சக்கரவர்த்தி பெரிதும் விரும்பினார். ஏறத்தாழ 1400 ஓவியங்களோடு அவற்றைத் தீட்டச் செய்தார். அந்தப் பணி முடியப் பதினைந்து ஆண்டுகள் வரை ஆயின. அக்காலத்து அரசவையின் சித்திரத் தொடர் என்றே அதனைச் சொல்லலாம். அக்கதையில் லந்தூர் என்றொரு மாவீரன் வருகிறான், நம் இந்திய நாட்டைச் சேர்ந்தவன், மலைபோன்ற உருவினன். ஹம்சாவை எதிர்த்து அவன் கடும் போர் புரிகிறான். தோற்கிறான். தோற்றபின் என்ன ஆகிறான்? ஹம்சாவின் உற்ற தோழனாகி, கதை நெடுகிலும் அவருடன் தோளோடு தோள் நிற்கிறான்.

வரலாற்றில் இதனினும் பெரிய சான்று உண்டு. 625-ஆம் ஆண்டு உஹது களத்தில் முஸ்லிம்களைப் பின்புறமிருந்து தாக்கி நிலைகுலையச் செய்த குதிரைப்படையின் தலைவர் காலித் பின் வலீத். சில ஆண்டுகளிலேயே அவர் 'இறைவனின் வாள்' என்று போற்றப்பட்டார். உஹது நாளோடு கதையை நிறுத்தியிருந்தால் அவருடைய பெயர் நம் பிள்ளைகளுக்கு எப்படி அறிமுகமாகியிருக்கும்?

இன்றைய சித்திரத் தொடர்களிலும் இந்த நீதி அறவே இல்லாமற் போகவில்லை. 2007-இல் தொடங்கிய சுட்டி டி.வி. தமிழில் பேசவைத்த 'ஜாக்கிசான்' தொடர் உங்கள் வீட்டு இளைஞர்களுக்கு நன்கு நினைவிருக்கும். அமெரிக்காவில் 2000 முதல் 2005 வரை வெளிவந்த தொடர் அது. பன்னிரண்டு மந்திரத் தாயத்துகளுக்காக நடக்கும் போராட்டத்தில், தீயவர் பக்கம் நின்று ஜாக்கியைத் துரத்தும் டோரு என்னும் பேருருவினன் ஒருவன் வருவான். அவனைத் தம் கூட்டத்தார் கைவிட்டபின், ஜாக்கியின் மாமாவுடைய கடைக்கே வந்து சேர்ந்து, அம்முதியவரின் சீடனாகிவிடுவான். அந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்த எங்கள் ஊர் இளைஞர் பலருக்கு, ஜாக்கிக்கு அடுத்தபடியாகப் பிடித்தவன் டோருதான்.

இவற்றையெல்லாம் மனத்தில் அடுக்கிக்கொண்டு அச்சிறுவனின் வீட்டிற்குச் சென்றேன். சொல்ல எண்ணியது எதுவும் நாவில் வரவில்லை. "வகுப்பில் நான் உன்னை அப்படி அழைத்தது தவறு. என்னை மன்னித்துவிடு" என்று மட்டும் சொன்னேன். அவன் நெடுநேரம் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். பின்பு தலைநிமிராமலே கூறினான்:

"காலியா வில்லன் இல்ல, ஹஜ்ரத். பெரிய ஆபத்து வந்தா அவனும் பீம் கூடத்தான் போவான். இவங்க அந்த இடத்தை மட்டும் விளையாட மாட்டேங்கறாங்க."

ஒரு வாரம் உற்றுப் பார்த்தும் என் கண்ணில் அது படவில்லை. அவன் கண்டிருக்கிறான். தன்மீது ஏற்றப்பட்ட பாத்திரத்திற்குள் ஒரு நல்லவனை அச்சிறுவன் தேடித் தேடிப் பார்த்திருக்கிறான்.

மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் என் சொல்லுக்காக வருந்துவதாகச் சொன்னேன். சின்னப் பிள்ளையிடம் இப்படி இறங்கினால் உஸ்தாதின் மதிப்பு என்னாகும் என்று நண்பர் ஒருவர் கடிந்துகொண்டார். கேலியை வகுப்பறிய விதைத்தவன் அதனை வகுப்பறியவே களையவேண்டும் என்றேன். ஆட்டத்தை நான் தடுக்கவில்லை. இனி யார் எந்த வேடம் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டே எடுக்கவேண்டும் என்று மட்டும் விதித்தேன்.

முதல் சில நாள் அவன் ஆட வரவில்லை. ஹவுளருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பின்னர் ஒருநாள் வந்து சீட்டெடுத்தான். விதியைப் பாருங்கள், வந்தது வில்லன் சீட்டேதான்! முற்றமே பேச்சற்று நின்றது. அவன் சீட்டை இருமுறை பார்த்தான். தோள்துண்டை விரித்துப் போர்த்திக்கொண்டு, வேப்பமரத்துக் காகங்கள் பறந்தோட வீரப்பா சிரிப்பொன்று சிரித்தானே பார்க்கவேண்டும்! சீட்டில் வந்த வேடம் ஆட்டம் முடிந்ததும் கழன்றுவிடும் என்பதை அவன் அறிந்திருந்தான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஊரிலிருந்து திரும்பிய ஒருவர் வழியாக அவன் அத்தா அனுப்பிய அந்தக் கிரீம் அலமாரியில் இருப்பதாக அவனுடைய தாயார் சொன்னார். தெருவில் போகையில் பழைய பெயரைக் கூவுகிற பிள்ளைகளும் இன்னும் ஓரிருவர் இருக்கிறார்கள்.

சகோதரிகளே! மாலையில் பிள்ளை தொலைக்காட்சியின் முன் அமரும்போது, அடுப்படி வேலையைச் சற்று ஒதுக்கிவிட்டு ஒரு கதையையேனும் உடனிருந்து பாருங்கள். தீயவன் திரையில் தோன்றியதும், "இவன் இன்னும் என்ன செய்தான்?" என்று கேளுங்கள். கதை முடிந்தபின், "இவன் திருந்தி வந்தால் பீம் சேர்த்துக்கொள்வானா?" என்று கேளுங்கள். விடையைப் பிள்ளையே சொல்லட்டும். சகோதரர்களே! வெளிநாட்டிலிருந்து பேசும்போது என்ன வேண்டும் என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். இன்று விளையாட்டில் நீ யாராக இருந்தாய் என்றும் கேளுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே விடை வருமானால், உங்கள் பிள்ளை படிக்கும் இடத்தின் ஆசிரியரிடம் தயங்காமல் பேசுங்கள். அந்த ஆசிரியர் என்னைப் போன்றவராகவும் இருக்கக்கூடும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.