தடைக்காலம் கடலுக்கு மட்டும்தானா?

ஏப்ரல் 15 வந்துட்டா நம்ம ஊர் மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஜூன் 14 வரை மொத்தம் 61 நாள். (2017க்கு முன்னாடி 45 நாள்தான்.) மீன் குஞ்சு பொரிக்கட்டும்னு அரசாங்கம் கடலைப் பூட்டுகிறது. பூட்டின கையோடு மீனவக் குடும்பத்துக்குத் தடைக்கால நிவாரணமும் கொடுக்கிறது. 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக்குவோம்னு 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார்.

இரண்டு மாசத்துக்கு 8,000 போதுமா? போதாது. அது வேற சண்டை. நான் சொல்ல வந்தது வேற. அந்தக் காசை வாங்குறவரைப் பார்த்து நம்ம ஊரில் ஒருத்தராவது "சும்மா உக்காந்து சாப்பிடுறான்"னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? நான் கேட்டதில்லை. அந்த 61 நாளும் அவங்க சும்மா இருக்கிறதும் இல்லை. வலை முடையணும், படகைக் கரையேத்திப் பழுது பார்க்கணும், பெயின்ட் அடிக்கணும், எஞ்சினைப் பிரிச்சு மாட்டணும். தடை முடியுற அன்னைக்கு ராத்திரி ஐஸும் டீசலும் ஏத்துற பரபரப்பைப் போய்ப் பார்த்துட்டு வந்து அப்புறம் சொல்லுங்க, காசு கொடுத்தா மனுஷன் சோம்பேறி ஆயிருவான்னு.

உப்பளத்துக்கு வாங்க. ஐப்பசி மழை இறங்கினா பாத்தியில் உப்பு கிடையாது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வேலை இல்லை. ஒரு காலத்தில் இந்த மூணு மாசமும் கடன்தான், அடகுதான். கேட்டுக் கேட்டு, சங்கம் வெச்சுக் கேட்டு, கடைசியில் மழைக்கால நிவாரணம்னு 5,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் வந்தது. மூணு மாசத்துக்கு 5,000. கணக்குப் போட்டால் சிரிப்பு வரும். ஆனாலும் வந்தது.

ஆக, "உன் தப்பு எதுவும் இல்லாமல் உன் வேலை நின்னுபோனால் அந்த நாட்களுக்கு அரசாங்கமும் பொறுப்பு" என்ற கொள்கையை நம்ம கடற்கரை ஏற்கனவே ஒத்துக்கிட்டாச்சு. கடலுக்கு ஒத்துக்கிட்டோம், உப்புக்கு ஒத்துக்கிட்டோம். டிகிரி முடிச்சுட்டு நாலு வருஷமா வீட்டில் இருக்கிற அண்ணனுக்கும் அக்காவுக்கும் மட்டும் ஏன் ஒத்துக்க மாட்டேங்கிறோம்? இதுதான் என் கேள்வி.

"அவங்களுக்கும் உதவித்தொகை இருக்கே"ன்னு சிலர் சொல்வீங்க. இருக்கு. வேலைவாய்ப்பு அலுவலகம் மூலமாகக் கொடுக்கும் திட்டம். பத்தாவது ஃபெயில் ஆனவருக்கு மாசம் 200, பாஸ் பண்ணினவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. ஒரு நாளைக்கு 20 ரூபாய் வருது. பழைய பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடிச்சு ஒரு வடை சாப்பிட்டா தீர்ந்தது. திரும்பி வர நடந்துதான் வரணும்.

அதையும் சும்மா கொடுத்துர மாட்டாங்க. பதிவு பண்ணி 5 வருஷம் காத்திருக்கணும். அதாவது இன்னைக்குப் பசிக்குதுன்னா அஞ்சு வருஷம் கழிச்சு சோறு. வயசு 40க்குள் இருக்கணும் (எஸ்.சி., எஸ்.டி.க்கு 45). குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000க்கு மேல் போகக்கூடாது. அப்பா, அம்மா எல்லார் சம்பாத்தியமும் சேர்த்து மாசம் 6,000. கொத்தனாருக்குச் சித்தாள் வேலைக்குப் போற அப்பா ஒழுங்கா மாசம் முழுக்க வேலைக்குப் போனாலே மகனுக்கு உதவித்தொகை கட்! எல்லாம் தாண்டிக் கிடைச்சாலும் 3 வருஷம்தான். பொறியியல் மாதிரித் தொழிற்படிப்பு படிச்சவங்க விண்ணப்பிக்கவே முடியாது. இன்ஜினியரிங் படிக்கிற மக்கா, உங்களைத்தான்.

குடும்ப வருமானத்தை எண்ணுற இந்த வித்தை நம்ம ஆளுங்க கண்டுபிடிச்சது இல்லை. 1931ல் இங்கிலாந்தில் 'மீன்ஸ் டெஸ்ட்'னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. அதிகாரி வீட்டுக்கே வந்து மகள் எவ்வளவு சம்பாதிக்கிறாள், பீரோவை வித்தா என்ன கிடைக்கும்னு எல்லாம் பார்த்துட்டு வேலையில்லாத அப்பாவின் தொகையைக் குறைப்பார். அதை எதிர்த்து நின்னது ஒரு கட்சியோ எம்.பி.யோ மட்டும் இல்லை. வேலையில்லாதவர்களே 1921ல் ஆரம்பிச்சு வெச்சிருந்த ஒரு இயக்கம் முன்னால் நின்றது. தேசிய வேலையற்றோர் இயக்கம்னு பேரு, வால் ஹானிங்டன் என்ற தொழிலாளி தலைவர். 1935 ஆரம்பத்தில் தொகையை இன்னும் குறைச்சு புது விகிதம் வந்தப்போ சவுத் வேல்ஸிலும் மற்ற இடங்களிலும் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தாங்க. பிப்ரவரியிலேயே அரசாங்கம் பின்வாங்கி அந்த விகிதத்தை நிறுத்தி வெச்சது.

அடுத்த வருஷம் ஜாரோ என்ற ஊரில் இருந்து 200 பேர் நடந்தாங்க. அதுவும் நம்ம ஊர் மாதிரி தண்ணியை நம்பிப் பிழைச்ச ஊர். கப்பல் கட்டும் தளம் மூடிட்டாங்க, ஊரே வேலையில்லாமல் நின்னது. 1936 அக்டோபரில் லண்டன் வரைக்கும் ஏறக்குறைய 300 மைல் நடந்து மனு கொடுக்கப் போனாங்க. பிரதமர் பால்ட்வின் சந்திக்கவே மாட்டேன்னுட்டார். இதுல பெரிய கூத்து என்னன்னா, ஊருக்குத் திரும்பி வந்து பார்த்தா அவங்க உதவித்தொகையைப் பிடிச்சு வெச்சிருக்காங்க. காரணம்: "நடந்துக்கிட்டு இருந்த நாட்களில் நீங்க வேலைக்குத் தயாராக இல்லையே!"

இந்த 'வேலைக்குத் தயாராக' என்ற வார்த்தையைப் பிடிச்சுக்கோங்க. ஏன்னா இதே வார்த்தை நம்ம நாட்டுத் துறைமுகத்தில் தொழிலாளி பக்கம் நின்னிருக்கு. கப்பல் என்னைக்கு வரும், எத்தனை பேர் வேணும்னு யாருக்கும் தெரியாத காலம். தினமும் வாசலில் நூறு பேர் நிப்பாங்க, இருபது பேரைக் கூப்பிட்டுக்கிட்டு மிச்சப் பேரை விரட்டுவாங்க. 1948ல் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதன்கீழ் சென்னை, பம்பாய் போன்ற இடங்களில் டாக் லேபர் போர்டு அமைச்சாங்க. பதிவு பெற்ற தொழிலாளி வந்து பேர் கொடுத்து, அன்னைக்கு வேலை இல்லைன்னா வருகைக்கு ஒரு படி. வேலை ஒதுக்கி அங்கே போன பிறகு வேலை நடக்கலைன்னா அதுக்குத் தனியா ஒரு தொகை. அதுக்குப் பேரே 'டிஸ்அப்பாயிண்ட்மென்ட் மணி'. ஏமாற்றக் காசு! மாசத்துக்கு இத்தனை நாள் கூலி நிச்சயம்னு உத்தரவாதமும் உண்டு. தயாராக வந்து நிக்கிறதுக்கும் ஒரு விலை உண்டுன்னு சட்டத்திலேயே எழுதி வெச்சிருந்தாங்க. கன்டெய்னரும் கிரேனும் கான்ட்ராக்டும் வந்தப்புறம் அந்தப் பேச்சே போயிருச்சு.

நம்ம கரைக்கு இதைவிடப் பழைய அனுபவமும் உண்டு. முத்துக்குளிப்பு. சிப்பி விளைந்திருக்கா இல்லையான்னு அதிகாரிகள் பாரைச் சோதிச்சுட்டு அறிவிச்சாத்தான் குளிப்பு. அறிவிப்பு வந்தால் வேலை, வராத வருஷங்களில் முங்குறவர் வேற வழி தேடிக்கணும். கடைசியா 1961ல் நடந்தது, அதுக்கப்புறம் அறிவிப்பே வரலை. முத்துநகர்னு ரயிலுக்குப் பேர் வெச்சோம். முங்கினவன் என்ன ஆனான்? சங்கு எடுக்கப் போனான், வத்தையில் போனான், ஹார்பரில் மூட்டை தூக்கினான். அவனுக்கு ஒரு ஏமாற்றக் காசும் கிடைக்கலை.

இப்போ கொஞ்சம் கஷ்டமான இடத்துக்கு வருவோம்.

ஸ்டெர்லைட். 2018 மே 22ல் என்ன நடந்ததுன்னு நம்ம ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை, வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்றேன். போராட்டத்தின் நூறாவது நாள், கலெக்டர் ஆபீஸ் நோக்கிப் போன ஊர்வலம், துப்பாக்கிச்சூடு, 13 உயிர். மே 28ல் ஆலையை மூட அரசாணை. 2024 பிப்ரவரி 29ல் உச்ச நீதிமன்றமும் ஆலைத் தரப்பு மனுவைத் தள்ளுபடி பண்ணிட்டது.

மூடினது சரி என்பதுதான் என் கட்சி. அதில் சந்தேகமே இல்லை. ஆனா மூடின அன்னைக்கு வேலை போன கான்ட்ராக்ட் தொழிலாளி, லாரி கிளீனர், லோடுமேன் இவங்களைப் பத்தி நம்மில் எத்தனை பேர் பேசினோம்? பேசினது எல்லாம் ஆலையைத் திறக்கணும்னு சொன்ன பக்கம்தான். "இத்தனை குடும்பம் பட்டினி"ன்னு அவங்க சொன்னப்போ நம்மகிட்ட பதில் இல்லை. "காசு வாங்கிட்டுப் பேசுறான்"னு திட்டினோம். அது பதிலா?

பதில் இருந்திருக்கணும். ஆலையை மூடுறது ஊர் நலனுக்காகன்னா, அதனால் வேலை போனவருக்கும் அது ஒரு தடைக்காலம்தானே? மீன் பெருகணும்னு படகை நிறுத்தினா நிவாரணம் உண்டு. மூச்சு விடணும்னு ஆலையை நிறுத்தினா கிடையாதா? இஎஸ்ஐ அட்டை இருக்கிறவருக்கு அந்த 2018லேயே அடல் பீமித் திட்டம்னு ஒண்ணு வந்தது. வேலை போனா 90 நாள் வரைக்கும் சராசரிக் கூலியில் கால் பங்கு, கொரோனா வந்தப்போ 2020ல் அதைப் பாதி ஆக்கினாங்க. அட்டையே இல்லாத கூலிக்கு அதுவும் இல்லை.

வேலையில்லாதவருக்கு எந்த உரிமையும் இல்லாத ஊரில், 'வேலை' என்ற ஒரே வார்த்தையை வெச்சுக்கிட்டு யார் வேணும்னாலும் எதை வேணும்னாலும் கொண்டுவந்து இறக்கலாம். புகையா பட்டினியா, ரெண்டில் ஒண்ணை எடுத்துக்கோன்னு சொல்லலாம். நம்மளையே ரெண்டு கூட்டமாகப் பிரிச்சு மோதவிடலாம். 2018க்குப் பிறகும் அந்த மோதல் ஓயலையே, பார்த்துக்கிட்டுத்தானே இருந்தோம். துப்பாக்கிச்சூட்டில் செத்தவங்க குடும்பத்துக்கு அரசாங்கம் கொடுத்தது என்ன? நிவாரணத்தோட ஒரு அரசு வேலை. ஒரு உயிருக்கு ஈடாகக் கொடுக்கிற அளவுக்கு வேலை இங்கே அரிதான பொருளாக இருக்கு.

அடுத்து நம்ம அண்ணாச்சிமார் வழக்கமாச் சொல்றது. "வேலை எல்லாம் கிடக்கு தம்பி, செய்யத்தான் ஆள் இல்லை. வடநாட்டுப் பசங்க வந்து செய்யலியா?" அண்ணாச்சி, பிகார்ல இருந்து ரெண்டு நாள் ரயிலேறி அந்தப் பையன் ஏன் வர்றான்? அவன் ஊரில் வேலையில்லாமல் இருந்தா எதுவும் கிடைக்காது என்பதால்தான். பசியோட வர்றவன் எந்தக் கூலிக்கும் சரின்னுதான் சொல்வான். கூலி உயர்த்திக் கேட்டா கான்ட்ராக்டர் சொல்ற ஒரே வசனம், "வெளியே பத்து பேர் நிக்கிறான்". வெளியே நிக்கிற அந்தப் பத்து பேருக்கும் ஒரு மாசம் ஓட்டுறதுக்குக் காசு இருந்தா இந்த வசனம் எடுபடாது. அதனால வேலையில் இருக்கிறவங்களே, இது உங்க சண்டையும்தான்.

"தொழிற்சாலைதான் வருதே"ன்னும் சொல்றாங்க. வரட்டும், சந்தோஷம். வின்ஃபாஸ்ட் கார் ஆலையை 2025 ஆகஸ்டில் திறந்தாங்க, குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் தளத்துக்கு 2024லேயே அடிக்கல் நாட்டினாங்க. எத்தனை வந்தாலும், ரெண்டு வேலைக்கு நடுவில் ஒருத்தன் எப்படிச் சாப்பிடுவான் என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

அரசியல் சட்டம் 41வது பிரிவில் வேலை செய்யும் உரிமையையும், வேலையில்லாத நேரத்தில் அரசு உதவி பெறும் உரிமையையும் சேர்த்தே எழுதியிருக்கு. ஆனா அது வழிகாட்டு நெறி, கோர்ட்டுக்குப் போய்க் கேட்க முடியாதுன்னு 37வது பிரிவு சொல்லிருச்சு. கோர்ட்டில் கேட்க முடியாததைத் தெருவில்தான் கேட்கணும். மீனவரும் உப்பளக்காரரும் அப்படித்தான் வாங்கினாங்க.

இங்கேதான் நமக்குச் சிக்கல். 1908ல் கோரல் மில் தொழிலாளி வேலையை நிறுத்தினான், வ.உ.சி. பக்கத்தில் நின்னார், கூலி உயர்வும் ஞாயித்துக்கிழமை லீவும் கிடைச்சது. வேலையில்லாதவன் எதை நிறுத்துவான்? அவனுக்கு மில் வாசல் கிடையாது, ஆள் சேர்ற இடமே கிடையாது. அந்த இங்கிலாந்து இயக்கம் வேலைவாய்ப்பு அலுவலக வரிசையில்தான் ஆள் சேர்த்தது. நமக்கு முன்னாடி அந்த வரிசையாவது இருந்தது. பதிவு ஆன்லைனுக்கு வந்தப்புறம் அவனவன் தனித்தனியா போன்ல ரினீவல் பண்ணிக்கிறான். இப்போ வரிசை இருக்கிற இடம் டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங் வகுப்பும், லைப்ரரி மேஜையும், வேலைவாய்ப்பு முகாம் நடக்கிற காலேஜ் வராந்தாவும்தான். அங்கேதான் பேசணும். பேச ஆரம்பிக்க ஒரு விவரம் கையில் வேணும்.

அதனால முதல் வேலை இது. தூத்துக்குடி மாவட்டத்தில் இந்த உதவித்தொகையை இப்போ எத்தனை பேர் வாங்குறாங்க, போன 5 வருஷத்தில் எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை தள்ளுபடி, என்ன காரணம், அதில் வருமான வரம்பால் போனது எத்தனை? இதை மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டணும், 30 நாளில் பதில் வரணும். பதில் வந்ததும் அதை வெச்சுத் திங்கள்கிழமை கலெக்டர் மனு நாளில் சேர்ந்து போகலாம், தனித்தனியா வேண்டாம். மனுவை எழுதிட்டேன். ஸ்டாம்ப் காசும் நான் போடுறேன். கையெழுத்து நல்லா இருக்கிற ரெண்டு பேர் சனிக்கிழமை லைப்ரரிக்கு வாங்க மக்கா, என் எழுத்து எனக்கே புரியாது.