அழுத பிள்ளைக்குத்தானா பால்?

போன வாரம் எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா, "ஏம்மா, நூறு நாள் வேலையை நூத்தி இருபத்தஞ்சு நாளா ஆக்கிட்டாங்களாமே, நெசமா?" என்று கேட்டார். "ஆமாம் அக்கா, நல்லதுதானே!" என்று சொல்லிவிட்டேன். மதியம் பேப்பரை நிதானமாகப் படித்தபோதுதான், அவசரப்பட்டுச் சொல்லிவிட்டோமோ என்று தோன்றியது.

2006-ல் நூறு நாள் வேலைத் திட்டம் முதலில் வந்தது 200 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. தமிழ்நாட்டில் எங்கள் விழுப்புரம் உட்பட ஆறு மாவட்டங்கள். 2008-ல் நாடு முழுக்க எல்லா கிராமங்களுக்கும் வந்துவிட்டது. வேலை கேட்டால் 15 நாளில் கொடுக்க வேண்டும். கூலி முழுவதும் மத்திய அரசின் பணம். அதாவது, யார் கேட்கிறார்களோ அந்த ஊருக்குப் பணம் போகும். அழுத பிள்ளைக்குப் பால்!

அப்படியானால் ஏழைகள் அதிகம் உள்ள பீகாரும் உத்தரப்பிரதேசமும்தானே நிறைய வாங்கியிருக்க வேண்டும்? அதுதான் இல்லை. ஏழைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் அங்கே போனது குறைவு. தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் வந்தது அதிகம். அங்கே வேலை கேட்டும் கிடைக்காதவர்கள் ஏராளம். மனு வாங்க, வேலையை அளக்க, வருகைப் பதிவேடு எழுத பஞ்சாயத்தில் ஆள் வேண்டுமே! இங்கே அது ஓரளவு நடந்தது. நம் பெண்களும் விடாமல் கேட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்றது சட்டம். தமிழ்நாட்டில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள்தான். உள்ளூரிலேயே வேலை, ஆணுக்குச் சமமான கூலி, தன் பெயரில் பேங்க் கணக்கு. விடுவார்களா?

2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய சட்டம் இந்தக் கணக்கை மாற்றிவிட்டது. நாள் 125தான். ஆனால், எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று மத்திய அரசு முன்கூட்டியே அளந்துவிடும். செலவில் 40 சதவீதம் நம் மாநிலம் போட வேண்டும். அளந்ததற்கு மேல் போனால் அதுவும் மாநிலத்தின் தலையில். விதைப்பு, அறுவடைக் காலத்தில் 60 நாள் வரை வேலையும் கிடையாது.

அளந்து கொடுப்பதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அழத் தெரியாத பிள்ளைக்கும் பசிக்கும்தானே? பீகார் சகோதரிக்கும் கிடைக்கட்டும். ஆனால், பாலை அனுப்பினால் மட்டும் போதாது, ஊற்றிக் கொடுக்க அங்கே ஆளும் வேண்டும். இங்கே மழை பொய்த்த வருஷத்தில் அளந்த பால் பாதியில் தீர்ந்து, மாநில அரசும் கையை விரித்தால் நம் பெண்கள் எங்கே போவார்கள்? சட்டத்தில் நூறு நாள் இருந்தபோதே, ஒரு குடும்பத்துக்குச் சராசரியாகக் கிடைத்தது ஏறக்குறைய 50 நாள்தான்.

மறுநாள் அக்காவிடம் சொன்னேன்: "நாள் கணக்கை விடுங்கக்கா. நம்ம ஊருக்கு எவ்வளவு பணம் ஒதுக்கினாங்க, அது எத்தனை நாளைக்கு வரும்னு கிராம சபையில கேளுங்க." அவர் சிரித்துக்கொண்டே, "நீங்க வந்தா நானும் வரேம்மா" என்றார்.

சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் நான் ஒரு கிராம சபைக்குக்கூடப் போனதில்லை. இந்த முறை போகப்போகிறேன். நீங்களும் போங்களேன், சகோதரிகளே!

– ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்.