உல்லாசக் கப்பலில் 1 வெள்ளி கிளினிக் இல்லை

சுங்கை ஆயர் தாவாரிலிருந்து கிள்ளான் துறைமுகம் சென்று, பினாங்கு, புக்கெட் எனப் பெற்றோரை உல்லாசக் கப்பலில் அழைத்துச் செல்ல நினைப்பவர்கள் டிக்கெட் விலையை மட்டும் பார்த்தால் போதாது.

அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி கட்டிப் பழகியவர்களுக்குக் கப்பல் மருத்துவரின் கட்டணம் அதிர்ச்சி தரும். அது தனியார் கட்டணம். பொதுவாக அறைக் கணக்கில் சேர்க்கப்படும். நோய் கடுமையானால் நோயாளியை வெளிநாட்டு மருத்துவமனையில் சேர்க்கவும் நேரிடலாம்.

ஆகவே, பயணக் காப்புறுதியில் மலிவைவிட விதிகளே முக்கியம். ஏற்கெனவே உள்ள நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய் ஆகியவற்றால் வரும் செலவைப் பல திட்டங்கள் ஏற்பதில்லை. கப்பல் பயணமும், கடலிலிருந்து நோயாளியைக் கரைக்குக் கொண்டுவரும் செலவும் சேர்க்கப்பட்டுள்ளனவா, வயது வரம்பு என்ன என்பதையும் பார்க்க வேண்டும்.

பயணம் திட்டமிட்ட நாளில் முடியும் என்ற உறுதியும் இல்லை. 2020 மார்ச்சில் கோவிட் அச்சத்தால் கோஸ்தா ஃபோர்ச்சுனா கப்பலுக்குப் புக்கெட்டும் பினாங்கும் அனுமதி மறுத்தன; அது சிங்கப்பூரில்தான் கரை சேர்ந்தது. இத்தகைய தாமதத்தின்போது பாதுகாப்பு நீடிக்குமா என்பதும் முக்கியம்.

“எல்லாம் கவர் ஆகும்” என்ற முகவரின் வாய்மொழியை நம்பாமல், எழுத்தில் பெறுவதே நல்லது. பெற்றோரின் நோயை மறைத்து வாங்கும் காப்புறுதி, இழப்பீடு கோரும்போது கைகொடுக்காது.